ஐப்பசி மழைக்கு ஆப்பிள் கிரம்பிளா, பரங்கிக்காய் கேக்கா?

இலையுதிர் காலம் என்று ஒன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் கிடையாது. நமக்கு ஐப்பசி என்றால் அடைமழைதான். ஆனால் இமாச்சல், காஷ்மீர் ஆப்பிள் புதுசாக வந்து இறங்குவதும் இந்த மாதங்களில்தான். பரங்கிக்காய் எப்போதும் கிடைக்கும். மேலைநாட்டார் இந்தப் பருவத்துக்கென்று செய்யும் இனிப்புகளில், புதிதாக பேக்கிங் தொடங்குபவருக்கும் கைகூடுபவை ஆப்பிள் கிரம்பிளும் பரங்கிக்காய் கேக்கும். நம் கடலோரத்தில் இரண்டையும் கெடுப்பது ஒன்றே ஒன்றுதான்: ஈரம். பழத்துக்குள் இருக்கும் ஈரம், காற்றில் இருக்கும் ஈரம்.

கிரம்பிளில் மாவு பொங்க வேண்டிய கவலை இல்லை. கீழே பழம், மேலே மொறுமொறு தூவல், அவ்வளவுதான். 8 அங்குலப் பாத்திரத்துக்கு 600 கிராம் ஆப்பிள், 40 கிராம் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் பட்டைத் தூள், ஒரு டீஸ்பூன் சோளமாவு (கார்ன்ஃப்ளார்). மேல் தூவலுக்கு 120 கிராம் மைதா, 75 கிராம் வெண்ணெய், 60 கிராம் நாட்டுச்சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, 30 கிராம் உடைத்த முந்திரி. பண்ருட்டி பக்கத்தில் இருந்துகொண்டு முந்திரியில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். ஓடிஜியில் (பேக் செய்யும் சிறிய மின் அடுப்பு) 180 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். ஓரங்களில் சாறு கொப்பளித்து, மேலே பொன்னிறம் வந்தால் எடுத்துவிடலாம்.

நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் சிவப்பு டெலிஷியஸ் வகை சூட்டில் சீக்கிரம் குழைந்துவிடும், புளிப்பும் குறைவு. அதனால் 2 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பெரிதாக நறுக்குங்கள், எலுமிச்சையை விடாதீர்கள். பச்சை ஆப்பிள் கிடைத்தால் எலுமிச்சை பாதி போதும். சர்க்கரை சேர்த்த ஆப்பிளைக் காத்திருக்க வைக்கக் கூடாது. கால் மணி நேரத்திலேயே தண்ணீர் விட்டுவிடும், அந்தத் தண்ணீர் ஆவியாகி மேல் தூவலைக் களியாக்கும்.

வெண்ணெய்தான் இதில் உயிர்நாடி. மழை நாளிலும் நம் அடுப்படி சூடு வெண்ணெயை இளக்கிவிடும். ஃப்ரீசரில் 15 நிமிடம் வைத்து, கேரட் துருவியில் துருவி, மைதாவில் போட்டு விரல் நுனியால் மட்டும் உதிருங்கள். உள்ளங்கை படவே கூடாது, சூடு அங்கேதான். சரியாக வந்த கலவை உதிரிப் புட்டு மாதிரி இருக்கும்: பிடித்தால் கட்டியாகும், தட்டினால் உதிரும். கொழுக்கட்டை மாவு மாதிரி ஒட்டினால் வெண்ணெய் உருகிவிட்டது என்று அர்த்தம். அப்படியே பேக் செய்தால் ஒரே தகடாகப் படிந்துவிடும். கிண்ணத்தோடு அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பிறகு கையால் உடைத்துத் தூவினால் பெரும்பாலும் தேறிவிடும்.

இனி பரங்கிக்காய் கேக். அமெரிக்க மண்ணில் பிறந்து, பரங்கியர் என்று நாம் அழைத்த ஐரோப்பியரோடு வந்த காய். பரங்கிப்பேட்டைக்குப் பெயர் வந்த அதே வழியில்தான் இதற்கும் பெயர் வந்தது. கடையில் பத்தை போட்டு விற்பதில் அடர் ஆரஞ்சுச் சதையும் கெட்டித் தோலும் உள்ளதை எடுங்கள். வெளிறிய மஞ்சள் பத்தை சாம்பாருக்கு ஆகும், கேக்குக்கு ஆகாது, அத்தனையும் தண்ணீர்.

350 கிராம் சதையை ஆவியில் வேகவைத்து மசித்து, அடிகனமான கடாயில் சிறுதீயில் 8 நிமிடம் கிளறுங்கள். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது. இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விடுவதால்தான் கேக்கின் அடியில் அல்வா மாதிரி பிசுபிசுத்த பட்டை விழுகிறது. ஆறியதும் எடை போட்டு 200 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் பாயசத்தில் போடலாம்.

150 கிராம் நாட்டுச்சர்க்கரை (மழையில் கட்டி பிடித்திருக்கும், சலித்துவிடுங்கள்), 2 முட்டை, 100 மில்லி வாசனையில்லாத எண்ணெய், பரங்கி விழுது எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு, 180 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் பட்டைத் தூள், அரை டீஸ்பூன் சுக்கு, சிறிது ஜாதிக்காய், உப்பு சேர்த்துப் புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாத நொடியில் நிறுத்திவிட வேண்டும். மேலும் கலக்கினால் கேக் ரப்பராகும். 7 அங்குல வட்ட கேக் டின்னில் 180 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள், நடு இறங்கிவிடும்.

மின்வெட்டைப் பொறுத்தவரை கிரம்பிளே பிழைக்கும். பாதியில் கரண்ட் போனாலும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கேக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முதல் 20 நிமிடத்துக்குள் நின்று ஓடிஜியும் ஆறிவிட்டால், பொங்கிய மாவு படிந்து அடர்ந்துவிடும். அடிக்கடி மின்சாரம் போகும் தெருவில் இருந்தால் கேக்கை அடுப்புக்கே மாற்றிவிடுங்கள். குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு கப் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து 10 நிமிடம் மிதமான தீயில் சூடாக்கி, பிறகு கேக் டின்னை உள்ளே வைத்து மூடி, சிறுதீயில் 45 முதல் 55 நிமிடம். தண்ணீர் ஊற்றக் கூடாது. பரங்கி கேக் இப்படியே நன்றாக வரும், மேல் நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறும்.

கிரம்பிள் குக்கரில் வராது. ஆப்பிள் ஆவி மூடியில் பட்டு, சொட்டுச் சொட்டாகத் தூவல்மேல் விழும். ஓடிஜி இல்லாதவர்கள் தூவலைத் தனியாகக் கடாயில் சிறுதீயில் 12 நிமிடம் பொன்னிறமாக வறுத்து, ஆப்பிளை இன்னொரு பாத்திரத்தில் வதக்கி, பரிமாறும்போது ஒன்றாக்குங்கள். உண்மையில் இந்த ஈரக் காற்றுக்கு இதுவே பேக் செய்ததைவிடப் பாந்தமான வழி. வறுத்த தூவல் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் மொறுமொறுவென்றே இருக்கும். பேக் செய்த கிரம்பிளோ மாலைக்குள் நமுத்துவிடும்.

பரங்கி கேக்குக்கு மறுநாள்தான் ருசி கூடும், பட்டையும் சுக்கும் அப்போதுதான் ஊறும். வெளியில் இரண்டு நாள், அதற்கு மேல் ஃப்ரிட்ஜ். தீபாவளிக்குப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப இதைத்தான் கை நீட்டி எடுப்போம். சுடச்சுட, கரண்டியில் அள்ளி, வனிலா ஐஸ்கிரீமோடு உடனே சாப்பிட ஆள் இருந்தால் மட்டும் கிரம்பிள். புதுச்சேரிக்கே உரிய விவிகம் கேக்கை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. ரவை, வெண்ணெய், ரம்மில் ஊறிய பழங்கள் என்று அதற்கு நாள்கணக்கில் பொறுமை வேண்டும், கிறிஸ்துமஸ் வரட்டும்.

கார்த்திகையில் மாலை போட்ட வீடு என்றால் கிரம்பிளில் முட்டையே இல்லை. கேக்கில் 2 முட்டைக்குப் பதில் 120 மில்லி கெட்டித் தயிர் போட்டு, சோடாவை அரை டீஸ்பூனாக்குங்கள். மோர் பிரிந்த தயிர் வேண்டாம், அதிலும் தண்ணீர்தான். துணியில் வடித்து, பிறகு அளந்து ஊற்றுங்கள்.