பலேடியம் தனியாகவா, தங்கத்தோடா, வெள்ளீயத்தோடா?

நம் தோட்டங்களில் பீலித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, குழாய் வழியே லயங்களுக்கு விடுகிறோம். அடைமழையில் அது செம்மண் நிறத்தில் வரும். தொட்டியடியிலேயே ஐதரசன் பரவொட்சைட்டு தயாரித்துக் கிருமியைக் கொல்லலாமா என்று உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

இன்று உலகத் தேவையில் பெரும்பகுதி, அந்திராகுயினோன் என்ற சேதனச் சேர்வையைப் பயன்படுத்தும் முறையில், பெரிய ஆலைகளில் தயாராகிறது. அதைச் செறிவாக்கி லொறியில் ஏற்றி, போன இடத்தில் தண்ணீர் கலப்பார்கள். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் 70 வீதக் கரைசல் ஏறி வருவதை நான் விரும்பமாட்டேன். ஐதரசனையும் ஒட்சிசனையும் அந்தந்த இடத்திலேயே நேரடியாகச் சேர்த்தால் அந்தப் பயணமே வேண்டாம். அதற்கு எந்த ஊக்கி, அதாவது தான் செலவாகாமல் தாக்கத்தை விரைவாக்கும் பொருள், வேண்டும்?

பலேடியம் என்ற உலோகம் மட்டும் என்பது 1914 இலேயே காப்புரிமை பெற்ற வழி. வேகம் உண்டு, கட்டுப்பாடு இல்லை. ஒட்சிசன் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் பிரியாமல் இருந்தால்தான் பரவொட்சைட்டு. பலேடியம் அவற்றைப் பிரித்துத் தண்ணீராக்கிவிடும். உண்டான பரவொட்சைட்டையும் விட்டுவைக்காது. அமிலமும் புரோமைட்டும் சேர்த்து அடக்கலாம்தான். பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் அது எதற்கு?

வெள்ளீயம் சேர்ந்த பலேடியம் 2016 இல் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு காட்டியது. ஒட்சியேற்றி, தாழ்த்தி, மறுபடி ஒட்சியேற்றிச் சூடாக்கும்போது, கேடு செய்யும் சின்னப் பலேடியத் துணிக்கைகளை வெள்ளீய ஒட்சைட்டுப் படலம் மூடிவிடுகிறது. தெரிவுத்திறன், அதாவது தாக்கமடையும் ஐதரசனில் பரவொட்சைட்டாக மாறும் பங்கு, 95 வீதத்துக்கு மேல்; விலையும் மலிவு. போத்தலில் அடைத்து விற்க நினைப்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

தொட்டிக்கு என் தெரிவு தங்கம் கலந்த பலேடியம். 2009 இல் அமிலத்தில் பதப்படுத்திய காபன் மேல் இதை ஏற்றியபோதே தெரிவுத்திறன் 95 வீதத்தைத் தாண்டியது. ஆனால் என்னை இழுத்தது 2021 ஆய்வு. தண்ணீருக்குள்ளேயே வாயுக்களைச் சேர்த்தபோது, இந்த ஊக்கியின் மேற்பரப்பில் உண்டாகும் குறுகிய ஆயுள் மூலிகங்கள் (சோடி சேராத இலத்திரன் உள்ள, வெகு வேகமாகத் தாக்கும் துணிக்கைகள்) ஈ.கோலை பற்றீரியாவைக் கொன்றன. அதே அளவு பரவொட்சைட்டைப் புறம்பாக ஊற்றினால் அந்தப் பலன் கிட்டவும் வரவில்லை. இங்கே எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைவிட, உண்டாகும் கணத்தில் எவ்வளவு கொல்கிறது என்பதே முக்கியம்.

ஐதரசன் காற்றில் 4 முதல் 75 வீதம் வரை தீப்பிடிக்கும். வாயுக்கலவை அந்த எல்லைக்குக் கீழேயே நிற்கவேண்டும். அந்த மூலிகங்கள் தொட்டியைத் தாண்டியும் வாழாது. லயம் வரை போகும் குழாய் வெடித்திருந்தால் வழியில் கிருமி நுழையும். ஆகவே ஊக்கிக்கு முன்னால் சேற்றைத் தடுக்க மணல் வடிகட்டியும், பின்னால் கொஞ்சம் குளோரீனும் இருக்கத்தான் வேண்டும்.