எச் சிப்பாய் கற்றுத் தந்தது: செஸ் எஞ்சின்களோடு ஏழு வருடம்

2018 கடைசியில்தான் என் லேப்டாப்பில் முதன்முதலாக செஸ் எஞ்சின், அதாவது நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரல், ஏற்றினேன். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2017 டிசம்பரில், தன்னோடு தானே ஆடிக் கற்ற டீப்மைண்ட் நிரலான ஆல்பாஜீரோ, 100 ஆட்டங்களில் ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற பலமான எஞ்சினை 28 முறை வென்று, ஒன்றில்கூடத் தோற்காமல் முடித்திருந்தது. அப்போது வெளியான பத்து ஆட்டங்களைப் பலகையில் எத்தனை முறை ஆடிப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சிப்பாயைக் கொடுக்கும். கொடுத்ததைத் திரும்ப வாங்க அவசரப்படாது. இருபது நகர்த்தல் கழித்துப் பார்த்தால் எதிராளியின் ஒரு காய் மூலையில் முடங்கிக் கிடக்கும். ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு 7 கோடி நிலைகளை அலசியது, ஆல்பாஜீரோ வெறும் 80,000. குறைவாகப் பார்த்து இவ்வளவு துணிச்சலா என்று மலைத்துப் போனேன்.

ஆல்பாஜீரோ பொதுமக்கள் கைக்கு வரவேயில்லை. அதே வழியில் தன்னார்வலர்கள் வளர்த்த லீலா என்ற எஞ்சினும், ஸ்டாக்ஃபிஷும் இலவசம். இரண்டையும்தான் இத்தனை வருடமாகப் பயன்படுத்துகிறேன். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் லீலா மெதுவாகத்தான் ஓடும். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12, சாதாரண பிராசஸரிலேயே ஓடக்கூடிய சிறிய நியூரல் நெட்வொர்க்கோடு வந்தது. முதலில் ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக உருவான நுட்பம் அது. அதன் பிறகு லீலாவை நான் திறப்பது குறைந்துவிட்டது.

என்னை மாற்றிய நகர்த்தல் ஒன்றைச் சொல்கிறேன். (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை; காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய்.) வெள்ளை டி4, கருப்பு குதிரை எஃப்6, சி4, ஜி6. இங்கே மூன்றாவது நகர்த்தலாக எச்4! ஓரத்துச் சிப்பாயை இவ்வளவு சீக்கிரம் தள்ளாதே என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எஞ்சின் அதைத் தன் பரிந்துரைப் பட்டியலில் மேலே காட்டியபோது ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். ராத்திரி முழுக்க ஓடவிட்டும் அது இறங்கவில்லை.

காரணம் புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. கருப்பு வழக்கம்போல் பிஷப் ஜி7, பிறகு டி5 என்று குருன்ஃபெல்டு என்ற தொடக்க முறைக்குப் போனால் வெள்ளை எச்5 தள்ளுகிறது. சும்மா கிடைக்கும் சிப்பாய்தானே என்று குதிரை அதை வெட்டுகிறது. உடனே வெள்ளையின் சி சிப்பாய் டி5-ஐ வெட்டுகிறது. குருன்ஃபெல்டின் உயிரே அந்தக் குதிரை டி5-இல் திருப்பி வெட்டுவதுதான். அதுவோ இப்போது எச்5-இல், பலகையின் ஓரத்தில் நிற்கிறது. சிப்பாய்க்குச் சிப்பாய் சரியாகிவிட்டது, மையம் வெள்ளையின் கையில், யானைக்கு எச் நெடுவரிசை திறந்தாயிற்று. இதைப் பார்த்த பிறகுதான் பலி என்பதை நான் வேறு மாதிரி கணக்கிட ஆரம்பித்தேன். எத்தனை காய் போனது என்பதற்கு முன்னால், எந்தக் காய் எந்தக் கட்டத்திலிருந்து விலகியது என்று பார்க்கிறேன்.

இரண்டு வருடம் எச்4-ஐ வார இறுதிப் போட்டிகளில் ஆடினேன். நன்றாகவே போனது. ஒரு நாள் எதிரே உட்கார்ந்த பள்ளிக்கூடப் பையன் பிஷப்பைத் தொடவேயில்லை. சி5 ஆடினான், நான் டி5, அவன் பி5. ராணிப் பக்கத்தில் சிப்பாயைப் பலியிடும் பென்கோ என்ற தொடக்க முறையின் பாணியில் அவனே சிப்பாயைக் கொடுத்துவிட்டான். என் எச் சிப்பாய்க்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை, ஆட்டம் முழுக்க ராணிப் பக்கத்தில் நடந்தது. தோற்றேன். வீட்டுக்கு வந்து எஞ்சினில் போட்டால், அவன் ஆடியதைத்தான் கருப்புக்குச் சிறந்த வழிகளில் ஒன்றாகக் காட்டுகிறது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எஞ்சின் தரவரிசைப்படி காட்டும் வரிகளில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் வரிகளை மறைத்து வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து குறைந்தது நான்கு வரிகளையாவது ஒன்றாகத் திறந்து வைக்கிறேன். யார் எவ்வளவு முன்னிலை என்று எஞ்சின் காட்டும் எண்ணை மட்டும் நம்புவதும் இல்லை. 0.00, அதாவது இருவரும் சமம், என்று காட்டும் நிலையில் ஒருவருக்கு எதை ஆடினாலும் சரி, மற்றவருக்கு ஒரே ஒரு நகர்த்தல்தான் உயிர் என்று இருக்கலாம். பலகைக்கு முன் அமர்ந்திருக்கும் மனிதருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாமே. பிறகு, பலி வரும் இடத்தில் எஞ்சினை மூடிவிட்டு, காயை இழந்த பக்கத்தை எடுத்துப் பத்து நகர்த்தல் நானே ஆடிப் பார்ப்பேன். ஆடத் தெரியாத பலியை நான் போட்டிக்குக் கொண்டுபோவதில்லை.

எஞ்சின் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்தது என்று இளம் ஆட்டக்காரர்கள் நினைக்கிறார்கள். 1997 மே மாதம், போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஐபிஎம்மின் கணினி டீப் புளூ இ6-இல் குதிரையைப் பலியிட்டு, உலக சாம்பியன் காஸ்பரோவை 19 நகர்த்தலில் வீழ்த்தியதே, அந்த நகர்த்தல் மனிதர்கள் அதன் ஓப்பனிங் புத்தகத்தில், அதாவது முன்கூட்டியே சேமித்த தொடக்க நகர்த்தல்களில், ஏற்றி வைத்தது.

மனிதரும் எஞ்சினும் சேர்ந்து தயாரிப்பதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் விஸ்வநாதன் ஆனந்த்தான். 2013-இல் நெதர்லாந்தின் விக் ஆன் ஸே போட்டியில், கருப்புக் காய்களோடு, ஆர்மீனிய கிராண்ட்மாஸ்டர் அரோனியனை 23 நகர்த்தலில் வென்றார். 16-வது நகர்த்தலில் குதிரை இ5-க்குப் பாய்ந்ததே, அந்த யோசனை 2012-இல் கெல்ஃபாண்டுடனான உலக சாம்பியன் போட்டிக்காகத் தயாரித்தது. அங்கே பயன்படாமல் மாதக்கணக்கில் காத்திருந்தது. எஞ்சின் துணையோடு தயாரிக்கும் இந்தக் காலத்திலும் பழைய மேதை ரூபின்ஸ்டீன் 1907-இல் ஆடிய ஆட்டத்தின் வாசனை அதில் அடித்தது. இன்றும் அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

எச்4-ஐ நான் விடவில்லை, ஆட்களைப் பார்த்து ஆடுகிறேன். கருப்பில் ஆடும்போது எதிராளி எச்4 தள்ளினால், அந்தப் பையன் ஆடியதைத்தான் நானும் ஆடுகிறேன்: சி5, அப்புறம் பி5.