பிசின்மணித் தெர்மோலைசின்: வாங்கலாம், காந்தக் கலக்கி மட்டும் ஆகாது

சீனியைவிடச் சுமார் 200 மடங்கு இனிக்கும் அஸ்பார்ட்டேமை இரண்டு அமினோ அமிலத் துண்டுகளிலிருந்து கோக்க, பிசின்மணியில் ஒட்டிய இந்த நொதியம் நல்ல தெரிவு. அஸ்பார்ட்டிக் அமிலத்தின் அல்பா முனையில் மட்டுமே பிணைப்பதால் கசக்கும் பீட்டா வடிவம் தலைகாட்டாது. அமினோக் கூட்டத்துக்குக் காப்பு (அது தாக்கத்தில் சேராமல் மறைக்கும் தற்காலிக மூடி) போட்டே ஆகவேண்டும்.

கரைப்பான் நீரால் நிறைவித்த எதைல் அசற்றேற்று. உலர்ந்ததை ஊற்றினால் மணி நீரிழந்து வேலை நின்றுவிடும். சூடு 40 பாகை. நுவரெலியாக் குளிரில் மேசைமேல் விட்டால் நாள்தான் போகும், சுடுநீர்த்தொட்டி கட்டாயம்.

மணிகள் திரும்பத் திரும்ப உதவும் என்கிறது பெட்டி. உண்மைதான், ஆனால் காந்தத் துண்டு அடியில் உரசி மணியை மாவாக்கும், வடி அடைபடும். குலுக்கியில் வையுங்கள். கழுவும்போது பொஸ்பேற்றுத் தாங்கல் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) வேண்டாம்: கல்சியத்தைப் பிடுங்கிவிடும், நொதியம் குலையும். கல்சியம் அசற்றேற்று போதும்.

வடித்த திரவத்தில் புதிய மூலப்பொருளைச் சேர்த்துப் பாருங்கள். தாக்கம் தொடர்ந்தால் நொதியம் கழன்றுவிட்டது என்று அர்த்தம். கைநூலில் இந்தச் சோதனை இல்லாதது பெரிய குறை.

காப்பை நீக்கப் பல்லேடியக் கரியும் (பல்லேடியம் படிந்த ஊக்கி) ஐதரசனும். அந்தக் கரியையும் மீட்கலாம். வடிதாளில் காயவிட்டால் தீப்பற்றும், ஈரமாகவே எடுத்துவையுங்கள்.

கொதிக்கும் பிளேன்டீயில் போட்டுச் சுவைபார்த்து விளைபொருளைக் குறைசொல்லவேண்டாம். நெடுநேரச் சூட்டில் அஸ்பார்ட்டேமே சிதையும்.