வாட்டர் ப்ரூப், துபாய் பீஸ், பில் வேண்டாம்: செகண்ட் ஹேண்ட் போனில் நடக்கும் ஏமாற்று

"தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுண்ணே. ஐபி68. துபாய் பீஸ். ரெண்டு கை கூட மாறல."

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் விசைப்படகில் தொழிலுக்குப் போகும் ஒருவரிடம் இப்படிப் பேசித்தான் 13,500 ரூபாய்க்கு ஒரு பழைய போனைத் தள்ளிவிட்டார்கள். பளபளவென்று பெட்டி, மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே சார்ஜர். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. அதில் விலையும் 'நோ ரிட்டர்ன்' என்ற ரப்பர் ஸ்டாம்பும் மட்டும்தான். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்து படகுகள் இறங்கிய முதல் வாரத்திலேயே ஸ்பீக்கர் கரகரத்தது. அடுத்து சார்ஜ் ஏறவில்லை. செலவு செய்து அதைச் சரிபண்ணி வைத்தால், சில வாரத்தில் திரையே பூட்டிக்கொண்டது: தவணை பாக்கி, உடனே கட்டவும் என்று. தவணையில் வாங்கியது யாரோ ஒரு பழைய சொந்தக்காரர். இவர் மொத்தப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்தவர்.

கடையின் பெயர் இங்கே வேண்டாம். இந்தப் பேச்சு ஒரு கடைக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. அந்த ஒரே போனில் மூன்று கோளாறு இருந்தது, மூன்றையும் கடையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் தண்ணீர் விஷயம். ஐபி68 என்ற தரச் சோதனை ஆய்வகத்தில், அசையாத நல்ல தண்ணீரில் நடப்பது. பெரும்பாலான கம்பெனிகள் சொல்லும் கணக்கு ஒன்றரை மீட்டர் ஆழம், 30 நிமிடம். உப்புத் தண்ணீருக்கும் அலை அடிப்பதற்கும் அதில் உத்தரவாதம் கிடையாது. கடற்கரையில் பயன்படுத்த வேண்டாம் என்று கம்பெனிகளே எழுதி வைத்திருக்கின்றன. புதுப் போனுக்கே நிலைமை இதுதான். திரையோ பின்மூடியோ ஒருமுறை கழற்றப்பட்ட போனில் அந்த ஐபி எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கம்பெனியில் ஒட்டுவது அந்த மாடலுக்கென்றே வெட்டிய ஒட்டுப் பட்டை. பழுதுக் கடைகளில் பெரும்பாலும் டியூப் பசை, பி-7000 போல ஏதாவது. திரையைப் பிடித்து நிறுத்த அது போதும், தண்ணீரைத் தடுக்கப் போதாது.

கழற்றிய போனை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொரு போனின் டார்ச்சை அடித்து, திரையும் சட்டமும் சேரும் கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். மெல்லிய கண்ணாடி நூல் போலப் பசை பிதுங்கியிருந்தால் பிரித்தது. நகத்தை வைத்து நெருடினால் ஒரு மூலை லேசாகத் தூக்கும். சிம் தட்டை வெளியே இழுங்கள். தண்ணீர் தாங்கும் மாடல்களில் தட்டின் தலைப்பில் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும், அது இல்லையென்றாலோ கிழிந்திருந்தாலோ கதை முடிந்தது. ஐபோன் உட்படப் பல மாடல்களில் சிம் துளைக்குள் எட்டிப் பார்த்தால் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் தெரியும். ஈரம் பட்டிருந்தால் அது சிவப்பாக மாறும். புது ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆகவே வெள்ளையாக இருப்பது மட்டும் சாட்சி ஆகாது.

சார்ஜர் துளைதான் பொய் சொல்லாத இடம். டைப்-சி துளையின் நடுவில் நிற்கும் நாக்கில் வரிசையாகத் தகடுகள் இருக்கும். அவை பொன்னிறமாக இருக்க வேண்டும். பச்சையாகவோ கறுத்தோ, ஓரத்தில் வெள்ளைப் பொடியாகவோ இருந்தால் உப்பு உள்ளே போய்விட்டது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். பேட்டரியின் நாலு வோல்ட்டே போதும், செம்பு கரைய ஆரம்பித்துவிடும். போன் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டே போகும். கடலில் நனைந்த போன் அன்றைக்கு நன்றாக வேலை செய்து பத்து நாள் கழித்துச் சாவது இதனால்தான்.

(நனைந்துவிட்டால்: உடனே அணைக்கவும், சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது, சிம் தட்டைக் கழற்றிவிட்டு அன்றைக்கே பிரித்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவித் தரும் கடைக்குக் கொண்டுபோகவும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் உப்பு வெளியே வராது. அரிசித் தூசிதான் துளைக்குள் போகும்.)

இரண்டாவது, திரை. அந்தப் போன் கம்பெனியில் அமோலெட் திரையோடு (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) வந்த மாடல். மாற்றிப் போட்டிருந்தது, பின்னால் விளக்கு வைத்து ஒளிரும் மலிவான எல்சிடி. கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நடுக்கடலில் மத்தியான வெயிலில் எண்களே தெரியவில்லை என்ற பிறகுதான் தெரிந்தது. சோதனை எளிது: முழுக் கறுப்பான ஒரு படத்தைத் திறந்து, வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, துண்டைப் போர்த்தி உள்ளே பாருங்கள். அமோலெட் என்றால் இருட்டு இருட்டாகவே இருக்கும். எல்சிடி சாம்பல் நிறத்தில் ஒளிரும். திரைக்குள்ளேயே கைரேகை எடுக்கும் மாடல் என்றால் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எல்சிடி மாற்றியிருந்தால் பெரும்பாலும் வேலை செய்யாது. "அப்டேட் பிரச்சினைண்ணே, சரியாயிடும்" என்ற பதில் வந்தால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். சாம்சங்கில் *#0*# அடித்தால் திரை, தொடுதல், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதிக்கும் பக்கம் வரும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போனால் மாற்றிய பாகங்களின் பட்டியலே இருக்கும். கம்பெனிப் பொருள் இல்லையென்றால் 'தெரியாத பாகம்' என்று காட்டும். அதே பக்கத்தில் மாடல் எண்ணின் முதல் எழுத்தையும் பாருங்கள்: எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் கம்பெனி புதுப்பித்தது, என் என்றால் பழுதுக்குப் பதிலாகக் கொடுத்தது.

மூன்றாவதுதான் பெரிய அடி. தவணையில் விற்கும் போன்களில் கடன் கொடுத்தவர் ஒரு பூட்டு வைத்திருப்பார். தவணை நின்றால் இணையம் வழியாகப் பூட்டு விழும். அழித்துப் புதிதாக்கினாலும் அது போகாது. விற்கிறவர் இணையம் இல்லாமல் போனைக் காட்டுவார், எல்லாம் ஓடும்.

ஆகவே கடையில் நின்றே செய்ய வேண்டியது: போனில் உள்ள கூகுள் கணக்கை அவரையே நீக்கச் சொல்லி, ஃபேக்டரி ரீசெட் போட்டு, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஆரம்பத் திரையிலிருந்து உங்கள் கணக்கைப் போட்டு முழுதாக உள்ளே போக வேண்டும். கால் மணி நேரம் ஆகும். நடுவில் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டாலோ, ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் வந்தாலோ கையை எடுத்துவிடுங்கள். உள்ளே போன பிறகு செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' என்று தேடுங்கள். அணைக்க முடியாமல் மங்கலாக நிற்கும் கடன் செயலி இருந்தால் அதுவும் பூட்டுதான். "நேரமாகுது தம்பி, கடையை அடைக்கணும்" என்று அவசரப்படுத்துவார்கள். அடைத்துவிட்டுப் போகட்டும்.

திருட்டுப் போனா என்று பார்ப்பது இதைவிடச் சுலபம். *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வரும். இரண்டு சிம் என்றால் இரண்டு எண். பெட்டியில் உள்ளதும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தை அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று எது வந்தாலும் வாங்கக் கூடாது. காணாமல் போனதாகப் புகார் பதிவான போனில் நீங்கள் சிம் போட்டால் அந்தத் தகவல் போலீசுக்குப் போகும். அப்புறம் ஸ்டேஷன் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

'துபாய் பீஸ்' பற்றி ஒரு வார்த்தை. கீழக்கரையிலும் தொண்டியிலும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டுவந்து தருவது வேறு. கடையில் அந்தப் பெயரில் விற்பது வேறு. ஆண்ட்ராய்டு கம்பெனிகள் பலவற்றின் வாரன்டி விற்ற நாட்டோடு நின்றுவிடும். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான்.

டேப்லெட்டில் ஏமாற்று வேறு விதம். பிள்ளைகள் படிப்புக்கென்று திருவிழாக் கடைகளில் '12 ஜி.பி ரேம், 512 ஜி.பி' என்று ஐயாயிரம் ரூபாய்க்கு விற்பார்கள். செட்டிங்ஸில் அந்த எண்ணே தெரியும், ஏனென்றால் அங்கே எதை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அபௌட் போய், கூகுளின் 'பிளே ப்ரொடெக்ட்' சான்று இருக்கிறதா என்று பாருங்கள். சான்றில்லாத கருவியில் வங்கிச் செயலிகள் தகராறு செய்யலாம். பெட்டியில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வரும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் வேண்டாம்.

செயலிகளையும் கடைக்காரரே ஏற்றித் தருவார், "கடல் நிலவரம் எல்லாம் இதுலயே இருக்கு" என்று. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பும் (பிளே ஸ்டோர் இல்லாமல் செயலியை ஏற்றும் கோப்பு) அப்படித்தான். வானிலை சொல்லும் செயலிக்கு உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும் அனுமதி எதற்கு? அப்படி அனுமதி கேட்டால் அது உங்கள் ஓடிபியைத் திருடத்தான். இந்திய வானிலைத் துறையின் மௌசம், மின்னலுக்கு தாமினி, அலைக்கும் மீன்வளப் பகுதிகளுக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் சமுத்ரா, இவற்றை பிளே ஸ்டோரில் வெளியிட்டவர் பெயரைப் பார்த்து நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கவும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: துண்டுச் சீட்டையும், யுபிஐயில் கட்டியிருந்தால் அந்த விவரத்தையும், வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். பில் தராததும், பழுதான பொருளை பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார். நடக்கவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விற்றவர் கடைக்காரர் இல்லாமல் தனி ஆள் என்றால் இந்த வழி இல்லை, போலீஸ் புகார்தான்.

பூட்டிய போனை "ரெண்டாயிரம் குடுங்க, எடுத்துத் தர்றேன்" என்று வருகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். இணையத்தில் ஏறியதும் பூட்டு திரும்ப விழும். முடங்கிய போனுக்கு ஐஎம்இஐ எண்ணையே மாற்றித் தருவதாகச் சொல்பவர்களும் உண்டு. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.