முடி கொட்டுதுன்னு குன்னூருக்கு ஓடி 24,000 ரூபாயைத் தொலைத்தேன், நீங்கள் தொலைக்காதீர்கள்

மே மாதம் டைபாய்டு வந்து பதினைந்து நாள் படுத்துக் கிடந்தேன். ஆகஸ்டில் தலை சீவினால் சீப்பு முழுக்க முடி, குளித்தால் தண்ணீர் போகும் ஓட்டையே அடைத்துக்கொள்ளும். பயந்துபோய் கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி, குன்னூரில் இருக்கும் ஒரு முடி சிகிச்சை மையத்துக்குப் போனேன்.

மண்டையில் கேமராவை வைத்து டிவியில் பெரிதாகக் காட்டி, "அக்கா, வேரெல்லாம் செத்துப்போச்சு, மலைத் தண்ணி ஒத்துக்கல, இப்படியே விட்டா வழுக்கைதான்" என்றார்கள். காய்ச்சல் வந்ததா, மாதவிடாய் எப்படி, ஒன்றும் கேட்கவில்லை, ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே இல்லை. ஆறு சிட்டிங், சீரம், பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எல்லாம் சேர்த்து 24,000, இன்றே கட்டினால்தான் இந்த விலை என்றதும் பச்சைத் தேயிலை போட்டுச் சேர்த்த காசை அப்படியே கொடுத்துவிட்டேன். மூன்று சிட்டிங் முடிந்தும் கொட்டுவது நிற்கவில்லை. பணத்தைக் கேட்டால் பேக்கேஜ் பணம் திரும்பாதாம். பில் கேட்டதற்கு, கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள்.

அப்புறம்தான் அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "ரெண்டு மூணு மாசம் முன்னாடி காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் ஏதாவது உண்டா?" கடும் காய்ச்சலுக்குப் பிறகு நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிருமாம், வேர் சாகாது, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும் என்றார். ஒரு நாளைக்கு நூறு முடி வரை விழுவது எல்லோருக்கும் உள்ளதுதானாம். பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்தாலும், தைராய்டு கோளாறு, சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தாலும் கொட்டும். வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு, அதற்கு வைத்தியம் வேறு.

எனக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6தான், பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தைராய்டு ரிசல்ட்டே தப்பாக வரலாம் என்று, அதை நிறுத்தச் சொல்லி சில நாள் கழித்துத்தான் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது. ரத்தம் குறைவாக இருந்ததற்கு இரும்புச் சத்து மாத்திரை தந்தார்கள், அதோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராதாம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற நம் ஊரில் இதை யாருமே எனக்குச் சொன்னதில்லை.

இப்போது நெற்றி ஓரத்தில் குட்டி முடிகள் தெரிகின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. இந்த மாதிரி இடத்தில் பணம் கட்டியவர்கள் அந்தத் துண்டுச் சீட்டைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.