240 கிலோ சரியாக இருந்தது, பல்ப் மட்டும் ஈயம் இல்லை: கீல் செய்யக் கொடுப்போர் கவனத்துக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சித்தியவான் பக்கம் செம்பனை ஆலைக்கு வார்ப்பு வேலை செய்யும் பட்டறைகளில் பாய்மரப் படகுக்குக் கீல் பல்ப் (படகு கவிழாமல் இருக்க, அடியில் இறங்கும் கீலின் நுனியில் மாட்டும் கனமான உலோகக் குண்டு) செய்யக் கொடுப்பவர்கள், மீதிப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்.

லுமுட்டில் நிற்கும் படகுக்காக நாங்கள் கேட்டது நாகா 65-018 வடிவம் (அமெரிக்க விமான ஆய்வு அமைப்பான NACA வகுத்த இறக்கை வடிவங்களில் ஒன்று). நீளம் 1200 மி.மீ., விட்டம் 216, ஆன்டிமனி (ஈயத்தைக் கடினமாக்கும் உலோகம்) கலந்த ஈயம், 240 கிலோ. வந்த பல்ப் தராசில் 240 காட்டியது, பளபளவென்று சாயமும் பூசியிருந்தது. டேப் வைத்தால் விட்டம் 240 மி.மீ.! குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிட்டது. அவ்வளவும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

செயின் புளோக்கில் தொங்கு தராசை மாட்டி, பல்பை நல்ல தண்ணீர்த் தொட்டியில் முழுக்க இறக்கினோம். 240 கிலோ 210 ஆனது. குறைந்தது 30 கிலோ, அதாவது 30 லிட்டர் கன அளவு. 240ஐ 30ஆல் வகுத்தால் லிட்டருக்கு 8 கிலோ, அதுதான் அடர்த்தி. ஆன்டிமனி ஈயம் 11 பக்கம் வர வேண்டும், 22 கிலோவுக்கு மேல் குறையக்கூடாது. அடிப்பக்கம் காந்தம் ஒட்டியது. கத்தியால் சுரண்டினால் கார் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), அதற்குக் கீழே துருப்பிடித்த இரும்புத் துண்டுகள். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். மேலே தடிப்பாக ஈயம் ஊற்றியிருந்தால் அது ஒட்டாது. தண்ணீர் தராசை ஏமாற்ற முடியாது.

வடிவமும் தப்பு. 65-018இல் வயிறு, அதாவது மிகப் பருத்த இடம், மூக்கிலிருந்து 40 சதவீதத்தில், இந்த நீளத்துக்கு 480 மி.மீ.இல் வர வேண்டும். இதில் 360இலேயே பெருத்துவிட்டது. அது நாகாவின் சாதாரண 0018 வடிவத்தில் வயிறு வரும் இடம். 65-இல் உள்ள அந்த 5 என்ற எண், அழுத்தம் பாதி நீளம் வரை குறைந்துகொண்டே போகும் என்று சொல்கிறது. அதுவரைதான் நீரோட்டம் கலையாமல் ஒட்டி ஓடும். வயிறு முன்னால் வந்தால் கலைவதும் முன்னாலேயே. வாலையும் மொண்ணையாக வெட்டியிருந்தார்கள்; மெல்லிய நுனியை வார்ப்பது சிரமம் என்பதால் செய்யும் குறுக்குவழி.

3 மி.மீ. பிளைவுட்டில் பாதி வடிவ அச்சு ஒன்று நீங்களே வெட்டி எடுத்துப் போங்கள். பல்பைச் சுற்றி நான்கு பக்கமும் வைத்துப் பாருங்கள், வெளிச்சம் தெரிந்தால் வாங்காதீர்கள். பளபளப்பைவிட அலை இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். அதற்கு வளையும் நீள ஸ்டீல் ரூல் போதும்.

பட்டி கட்டாயம் எபோக்சியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் பட்டி நீர் உறிஞ்சிக் கொப்புளம் விடும். ஈயத்தைக் கம்பி பிரஷால் தேய்த்த உடனே எபோக்சி பூசாவிட்டால் மறுபடி கறுத்து, பிடிப்பு போய்விடும்.

கேட்டதற்குப் பட்டறையில் சொன்னது, "எடை கொடுத்தாச்சே." ரசீதில் எடை மட்டும்தான் எழுதியிருந்தது. ஆகவே அடர்த்தி, அதிகபட்ச விட்டம், அது மூக்கிலிருந்து எத்தனை மி.மீ., இந்த மூன்றையும் முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்குங்கள்.