பென்டேனா, அம்மோனியா-நீர்க் கலவையா?

பூமிக்கடியிலிருந்து வரும் 120 டிகிரி வெந்நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒரு சிறிய வடிவமைப்புக் கணக்கு என்னிடம் வந்தது. வெந்நீரின் சூட்டில் ஒரு திரவத்தைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியால் சுழலியைச் சுற்றி, ஆவியைக் குளிர்வித்து மீண்டும் திரவமாக்குவதுதான் அடிப்படை. தனித் திரவமான பென்டேனை வைத்து ஓட்டும் கரிம ராங்கின் சுழற்சி ஒரு வழி. அம்மோனியாவும் நீரும் கலந்த கலினா சுழற்சி இன்னொன்று. நான் பென்டேனைத்தான் எடுத்தேன். பென்டேன் தீப்பிடிக்கும், அம்மோனியா நச்சு. ஆபத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

காகிதத்தில் கலினாதான் அழகு. பென்டேன் ஒரே வெப்பநிலையில் நின்று கொதிக்கும். கலவையிலோ அம்மோனியா முந்திக்கொண்டு ஆவியாக, மிஞ்சுவதில் நீர் கூடிக் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். எதிரே ஆறிக்கொண்டு வரும் வெந்நீரை ஒட்டியே அது நகரும். ஐஸ்லாந்தின் ஹுசாவிக்கில் 2000-இல் 2 மெகாவாட் கலினா நிலையம் ஓடத் தொடங்கியதும் இந்த அழகை நம்பித்தான்.

சரி, அதற்கு விலை என்ன? வெந்நீர் 120-இலிருந்து 80-க்கு ஆறுவதாக வைப்போம். கொதிக்கும் முன் திரவத்தைச் சூடாக்கும் பகுதியை விட்டுவிடுவோம். பென்டேன் 75-இல் கொதித்தால், வெந்நீரிலிருந்து அதற்கு வெப்பத்தைக் கடத்தும் பரிமாற்றியின் ஒரு முனையில் வெப்பநிலை இடைவெளி 45 டிகிரி, மறுமுனையில் 5. இந்த இடைவெளியின் மடக்கைச் சராசரி (வெப்பப் பரிமாற்றக் கணக்கில் எடுக்கும் சராசரி) 18. கலவை 75-இலிருந்து 115 வரை சீராக ஏறினால் இரு முனையிலும் 5, சராசரியும் 5. வெப்பம் கடத்துதிறன் ஒன்றே என்றாலும் பரிமாற்றியின் பரப்பு மூன்றரை மடங்கு வேண்டும். ஆனால் கடத்துதிறன் ஒன்றாக இருக்காது, கலவையில் குறையும். குழாய்ச் சுவரையொட்டிய திரவத்தில் அம்மோனியா தீர்ந்து நீர் தேங்கும். அங்கே மட்டும் கொதிநிலை உயரும். குளிர்விப்பானிலும் இதே கதைதான்: நீராவி முதலில் படிய, அம்மோனியா ஆவி சுவரருகே திரையாக நிற்கும். அப்புறம், அம்மோனியா அரிக்கும் என்பதால் செம்பு, பித்தளைக் குழாய்களும் ஆகாது.

வரவும் சும்மா இல்லை. கலவை சராசரியாகக் கூடிய வெப்பநிலையில் வெப்பம் வாங்குகிறது. கழிவு வெப்பத்தை 25 டிகிரியில் தள்ளினால், கார்னோ உச்சவரம்பு, அதாவது வாங்கிய வெப்பத்தில் அதிகபட்சம் வேலையாக மாறக்கூடிய பங்கு, 14 சதவீதத்திலிருந்து 19-க்கு ஏறும். இடைவெளியை 10 டிகிரியாகத் தளர்த்தினால் பரப்பு 1.8 மடங்கோடு நிற்கும், உச்சவரம்பு 18-ஐ ஒட்டி வரும். கலினா வேண்டும் என்பவர்கள் இங்கிருந்து கணக்கைத் தொடங்கலாம். நான் கலினா நிலையம் எதையும் ஓட்டியதில்லை. இது மேசைக் கணக்குதான்.

என்னை முடிவுக்குத் தள்ளியது பராமரிப்பு. புவிவெப்ப நீரில் கரைந்து வரும் சிலிக்கா குழாயில் படியும். அந்தப் படிவு 2 டிகிரியைத் தின்றுவிட்டால், 18-இல் அது பெரிதாகத் தெரியாது. 5-இல் கிட்டத்தட்டப் பாதி போய்விடும்.